நனைந்த காலுக்கு ஒரு தரை

அம்மாவின் குளியலறையைப் புதுப்பிப்பது என்று முடிவானதும் ஒரு காரை வைத்துக்கொண்டு கிளம்பினோம். மறைமலைநகரில் தொடங்கி ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டு; அங்கிருந்து கிழக்கே திரும்பித் திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம்; பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே முட்டுக்காடு; கடைசியில் கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக வீடு. டைல்ஸ் வாங்க இத்தனை தூரம் சுற்ற வேண்டுமா என்று உறவினர்கள் கேட்டார்கள். வேண்டும் என்றே இப்போதும் சொல்வேன். கல்லையும் தண்ணீரையும் சேர்த்து வைத்து வேலை செய்வதில் ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழக்கமுள்ள வட்டாரம் இது. விலைப்பட்டியலில் கிடைக்காத அறிவு இந்தச் சாலையோரங்களில் கிடைக்கிறது.

மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய எங்கள் ஊர், சென்னையின் நெரிசலைக் குறைப்பதற்காகத் துணை நகரமாகத் திட்டமிடப்பட்டது. வரைபடத்தில் கோடு போட்டு, மனை பிரித்து, தெரு விட்ட பிறகு மக்கள் குடிவந்த ஊர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எழும்பிய வீடுகள் பலவற்றுக்கும் ஒரே முகச்சாயல்: கூடத்தில் மொசைக் தரை, குளியலறையில் இடுப்பளவுக்கு வெள்ளை டைல்ஸ், அதற்கு மேல் சுண்ணாம்பு, கீழே சிமெண்டுத் தரை. அன்று முப்பதுகளில் இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். வீடுகளுக்கும் மனிதர்களுக்கும் ஒரே சமயத்தில் மூட்டு தேய்கிறது. எங்கள் தெருவில் எந்த நேரமும் ஏதாவது ஒரு வீட்டில் குளியலறையை உடைக்கும் சத்தம் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

கிளம்புவதற்கு முன் மேஸ்திரியை அழைத்துக் காட்டினோம். அவர் சுவரையோ டைல்ஸையோ பார்க்கவில்லை. ஒரு வாளி தண்ணீரைத் தரையில் ஊற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். பாதித் தண்ணீர், அது வடிய வேண்டிய ஜாலியை நோக்கிப் போனது. மீதி கதவோரம் தேங்கி நின்றது.

"அக்கா, டைல்ஸ அப்புறம் பாருங்க. மொதல்ல வாட்டத்தப் பாருங்க. வாட்டம் சரியில்லன்னா எந்த டைல்ஸ் போட்டாலும் வழுக்கும். தண்ணி நிக்கிற எடத்துலதான் பாசி புடிக்கும், பாசி புடிக்கிற எடத்துலதான் அம்மா கால வெப்பாங்க."

அம்மா தலையசைத்தார். கொஞ்ச காலமாகவே குளித்துவிட்டு வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். நாலடிக்கு முக்கால் அங்குலம் இறங்கினால் போதும் என்று மேஸ்திரி கணக்குச் சொன்னார். ஏறக்குறைய அறுபதுக்கு ஒன்று என்ற சரிவு. கால் அதை உணராது, தண்ணீர் உணரும். அவரையும் காரில் ஏற்றிக்கொண்டோம்.

கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் டைல்ஸ் கடைகள் வரும். கண்ணாடி முகப்பு, உள்ளே குளிரூட்டிய கூடம், புரட்டிப் பார்க்க வசதியாகச் சட்டத்தில் மாட்டிய பலகைகள். பெட்டிகளில் பெரும்பாலும் குஜராத்தின் மோர்பி என்று அச்சிட்டிருக்கும். இந்தியாவின் டைல்ஸில் மிகப் பெரும் பங்கு அந்த ஓர் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஆலைகளில்தான் சுடப்படுகிறது. குளியலறைக்கென்று கடைக்காரர்கள் தொகுப்பாகக் காட்டுவார்கள்: அடர் நிறத்தில் ஒன்று, வெளிர் நிறத்தில் ஒன்று, நடுவில் பூவோ அலையோ போட்ட ஹைலைட்டர் ஒன்று. அதற்குப் பொருத்தமாகத் தரைக்கு ஒன்று. பளபளப்பான விளக்கொளியில் எல்லாமே அழகாகத் தெரியும்.

அந்த அழகைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு டைல்ஸைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் ஒரு கை தண்ணீரைத் தெளித்தோம். சுவருக்கு விற்கும் செராமிக் டைல் அதை உடனே குடித்து நிறம் மாறியது. வெட்ரிஃபைடு டைலில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. செராமிக் சுவர் டைல் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேலும் தண்ணீரை உறிஞ்சும். வெட்ரிஃபைடு அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் கலவையை ஆயிரத்து இருநூறு டிகிரி அளவில் சுடும்போது உள்ளே ஒரு பகுதி உருகிக் கண்ணாடிபோல் இடைவெளிகளை அடைத்துவிடுவதால் வரும் இறுக்கம் அது. சுவரில் செராமிக் போடுவதில் தவறில்லை. எடை குறைவு, ஒட்டுவது எளிது. தரைக்கு மட்டும் அதைக் கொண்டுவரக் கூடாது.

அடுத்தது பிடிப்பு. 'ஆன்டி ஸ்கிட்' என்று எல்லாப் பெட்டியிலும் எழுதியிருக்கிறது. அதோடு ஆர்-9, ஆர்-10, ஆர்-11 என்று ஒரு குறியீடும் இருக்கும். இந்தக் குறியீடு ஜெர்மனியில் தோன்றியது. எண்ணெய் தடவிய சாய்தளத்தில் காலணி அணிந்த ஒருவரை நடக்கவிட்டு, தளத்தை மெல்ல மெல்லச் சாய்த்து, எந்தக் கோணத்தில் கால் நழுவுகிறது என்று பார்ப்பார்கள். பத்து டிகிரிக்குள் நழுவினால் ஆர்-9; பத்துக்கு மேல் பத்தொன்பது வரை தாங்கினால் ஆர்-10; இருபத்தேழு வரை என்றால் ஆர்-11. இது தொழிற்கூடத்துக்கும் பணிமனைக்கும் ஏற்ற சோதனை. நம் குளியலறைக்குள் யாரும் காலணியோடு போவதில்லை. சோப்புத் தண்ணீரில் வெறுங்காலுடன் நடந்து பார்க்கும் இன்னொரு சோதனை உண்டு. அதில் ஏ, பி, சி என்று தரம் பிரிப்பார்கள். ஏ பன்னிரண்டு டிகிரி, பி பதினெட்டு, சி இருபத்துநான்கு. குளியல் தரைக்குக் குறைந்தது பி வேண்டும். விற்பனையாளரிடம் இந்த எழுத்தைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் நிறுவனத்தின் தரவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள்.

அம்மாவின் சோதனை இன்னும் எளியது. செருப்பைக் கழற்றினார். "தம்பி, கொஞ்சம் தண்ணி கொண்டாப்பா" என்று கடைப் பையனிடம் கேட்டு, மாதிரி டைல்ஸைக் கீழே வைக்கச் சொல்லி, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஈரக்காலைத் தேய்த்துப் பார்த்தார். விலை உயர்ந்த, இரண்டடிக்கு நாலடி கிளாஸி பலகையை முதலிலேயே தள்ளிவிட்டார். மேட் என்று எழுதியிருந்த சிலவும் தோற்றன. கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதெல்லாம் காலைப் பிடிப்பதில்லை.

பெரிய பலகைக்குத் தரையில் இன்னொரு இடைஞ்சல் உண்டு. நாலு பக்கத்திலிருந்தும் ஜாலியை நோக்கி வாட்டம் வர வேண்டுமென்றால் நாலடிப் பலகையைக் குறுக்கே வெட்டித்தான் ஆக வேண்டும். சிறிய டைல்ஸ் சரிவோடு தானாக வளைந்து கொடுக்கும். இணைப்புக் கோடுகள் அதிகம் வருவதால் பாதத்துக்குப் பிடிமானமும் கூடும். ஓரடிக்கு ஓரடியே எங்களுக்குப் போதும் என்று அங்கேயே தெளிந்தது. ஆனால் வாங்கவில்லை. முதலில் கல்லையும் பார்த்துவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை.

சிங்கப்பெருமாள் கோவிலில் சற்று நிறுத்தினோம். பாடலாத்ரி நரசிம்மர் குன்றைக் குடைந்த குகைக் கருவறையில் இருக்கிறார். மூலவரை வலம்வர வேண்டுமென்றால் குன்றையே சுற்றி வர வேண்டும். அந்தச் சுற்றில் வெறும் பாறைமேல் கால் வைத்து நடக்கும்போது, நம் ஊர்களில் கல்லின் தரத்தைச் சோதித்தது பெரும்பாலும் பாதம்தான் என்பது புரிகிறது. கோவிலுக்குள் செருப்பு கிடையாது. தரை சரியில்லையென்றால் முதலில் சொல்வது கால்தான்.

செங்கல்பட்டை நெருங்கும்போது கல் அறுக்கும் பட்டறைகளும் கிரானைட் கிடங்குகளும் தென்பட்டன. இந்த வட்டாரத்தின் கருங்கல்லுக்கு உலக அறிவியலில் ஒரு தனியிடம் உண்டு. கல்கத்தா நகரத்தின் தொடக்கத்தோடு பெயர் பிணைந்த ஜாப் சார்னாக் 1690களில் இறந்தார். அவருடைய கல்லறைப் பலகை சென்னைப் பக்கத்துப் பல்லாவரம் பகுதிக் கருங்கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தக் கல்லை ஆராய்ந்து, அந்த வகைப் பாறைக்கு 'சார்னகைட்' என்று பெயரிட்டார். ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் கடந்துபோகும் குன்றுகளின் கல், உலகெங்கும் பாடப்புத்தகங்களில் ஒரு பாறையினமாக நிற்கிறது. நம் வீட்டுக் கான்கிரீட்டுக்குள் ஜல்லியாகக் கிடப்பதும் பெரும்பாலும் அந்த இனம்தான்.

கிடங்கில் பலகைகள் சாய்த்து அடுக்கப்பட்டிருந்தன. கருப்புக் கடப்பா, பச்சை சாம்பல் கோட்டா, வெள்ளை மார்பிள், பல நிற கிரானைட். விலையைப் பார்த்தால் கடப்பாவும் கோட்டாவும் ஆசை காட்டும். ஆனால் கடப்பா, கோட்டா இரண்டும் சுண்ணாம்புக்கல்; மார்பிளும் சுண்ணாம்புக்கல் உருமாறி வந்ததே. சுண்ணாம்புக்கு அமிலம் ஆகாது. கிடங்குக்காரரே ஒரு எலுமிச்சையை நறுக்கிக் கடப்பாத் துண்டின்மேல் பிழிந்து காட்டினார். துடைத்த பிறகு அந்த இடத்தில் பளபளப்பு போய் மங்கலாக ஒரு வட்டம் நின்றது. எலுமிச்சைக்கே இப்படி. கழிப்பறை கழுவ நாம் வாங்கும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. வாராவாரம் அதை ஊற்றும் தரையில் சுண்ணாம்புக்கல் தாக்குப்பிடிக்காது. சமையலறை அலமாரிக்குக் கடப்பா ஏற்றது. கழிப்பறைக்குக் கிரானைட்டே சரி. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கலந்த அந்தக் கல்லை வீட்டில் புழங்கும் அமிலம் எளிதில் தின்பதில்லை.

கிரானைட்டிலும் மெருகேற்றியது வேண்டாம். நெருப்பு காட்டிச் சொரசொரப்பாக்கிய கல் உண்டு. சூடுபட்டதும் குவார்ட்ஸ் படிகங்கள் சட்டென்று விரிந்து மேல்தோலைச் சிதறடித்துவிடுவதால் வரும் முகம் அது. தோல்போலத் தொட்டால் மெத்தென்று தோன்றும் லெதர் ஃபினிஷும் உண்டு. மேஸ்திரி வாசற்படிக்கு ஒரு துண்டு எடுக்கச் சொன்னார். பழைய குளியலறைகளில் தண்ணீர் வெளியே வராமலிருக்க நாலங்குலப் படி கட்டினார்கள். அந்தப் படியில்தான் முதியவர்கள் இடறுகிறார்கள். வாட்டம் ஒழுங்காக இருந்தால் அரை அங்குல இறக்கமே போதும். நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தாலும் தடையிருக்காது.

திருக்கழுக்குன்றத்தில் வேதகிரீசுவரர் மலையைக் கீழிருந்தே கும்பிட்டுவிட்டு அம்மா சங்கு தீர்த்தக் குளத்துக்கு அழைத்துப்போனார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதில் சங்கு பிறக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. எங்களுக்கு அன்று வேண்டியது படிக்கட்டு. எத்தனை தலைமுறை இறங்கி ஏறியிருக்கும்! ஈரத்துணியோடு, குடத்தோடு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. படிக்கல்லின் முகம் மழமழவென்று இல்லை. உளி விழுந்த தடம் தொட்டால் தெரிகிறது. வழவழத்துப்போன அம்மியைக் கொத்தி வைப்பதுபோல, பாதம் பதிவதற்காகக் கல்லைக் கொத்தி விட்டிருக்கிறார்கள்.

அம்மா மேல்படிகளில் நடந்து பார்த்தார். தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்த படிக்கு மட்டும் இறங்கவில்லை.

"அங்க பாசிம்மா. கொத்தின கல்லுதான், ஆனா பாசி மூடிட்டா கல்லு எதுக்கு ஆகும்?"

அந்தக் கேள்வியில் பாதி பராமரிப்புப் பாடம் அடங்கியிருக்கிறது. எவ்வளவு சொரசொரப்பான தரையும் அதன் குழிகள் திறந்திருக்கும் வரைதான் பிடிக்கும். சோப்பும் எண்ணெயும் உப்பும் படிந்து குழி நிரம்பினால் கண்ணாடித் தரைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. எனவே அளவுக்கு மீறிய சொரசொரப்பும் வீட்டுக்கு ஆகாது. தேய்த்துக் கழுவ முடியாது. ஆர்-12, ஆர்-13 எல்லாம் எண்ணெய் சிந்தும் ஆலைச் சமையற்கூடங்களுக்கு. கையால் பிரஷ் போட்டுத் தேய்த்தால் சுத்தமாகிற அளவு, ஈரக்கால் நிற்கிற அளவு, இரண்டும் சந்திக்கும் இடத்தைத் தேட வேண்டும். அது பெரும்பாலும் ஆர்-10, ஆர்-11 பக்கம் இருக்கிறது.

மாமல்லபுரத்தில் வெயில் ஏறிவிட்டது. 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் ஊர். சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக நின்றன. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோவில் அமைத்ததாகக் கல்வெட்டில் பெருமையாகப் பொறித்துக்கொண்டான். அவன் வழிவந்தவர்கள் இங்கே பாறையையே ரதமாகவும் மண்டபமாகவும் செதுக்கினார்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் கடற்கரைக் கோவிலைக் கல்லை அடுக்கிக் கட்டினான். கட்டுமான வேலைக்குப் போகிற யாரும் இந்த ஊரில் முடிக்காமல் விட்ட குகைகளைப் பார்க்க வேண்டும். பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, கோட்டில் ஆழமாக வெட்டி, நடுவில் நிற்பதைத் தட்டி எடுத்திருக்கிறார்கள். வேலையின் வரிசை அப்படியே கண்முன் நிற்கிறது. பாறைகளில் ஆப்பு இறக்கிய குழிகளும் வரிசையாகத் தெரிகின்றன.

கடற்கரைக் கோவிலின் சிற்பங்கள் பல இடங்களில் முகம் கரைந்து நிற்கின்றன. அலை நேரே வந்து அடிப்பதைவிட உப்புதான் அதிகம் தின்கிறது. கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து கல்லின் நுண்துளைகளுக்குள் போகிறது. ஈரம் உலரும்போது உப்பு படிகமாகி விரிகிறது. நாளும் நனைந்து நாளும் உலர, அந்தப் படிகங்கள் கல்லின் மணிகளை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகின்றன. தொல்லியல் துறை கடலுக்குக் கற்சுவர் போட்டது, சவுக்கு வளர்த்தது, காகிதக்கூழைக் கல்மேல் அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறது. கூழ் காய்ந்து உப்போடு கழன்று வரும். திரும்பத் திரும்ப அப்ப வேண்டும்.

மறைமலைநகர்க் குளியலறையின் வெளிச்சுவரில் நடப்பதும் இதேதான். டைல்ஸ் இணைப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி, செங்கலுக்குள் ஊறி, படுக்கையறைப் பக்கத்தில் ஓதமாக வெளிவருகிறது. பெயின்ட் உப்புகிறது, வெள்ளையாக உப்பு பூக்கிறது, பூச்சு உதிர்கிறது. அந்தப் பக்கம் எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் பயனில்லை. தண்ணீர் நுழைகிற பக்கத்தில்தான் அடைக்க வேண்டும். டைல்ஸ் ஒரு நீர்த்தடுப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது மேல்தோல். அதற்குக் கீழே பூசும் வாட்டர்ப்ரூஃபிங்தான் தடுப்பு. சிமெண்டும் பாலிமரும் கலந்த பூச்சைக் குறைந்தது இரண்டு கை, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பூச வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையிலும் குழாய் துளைத்து வரும் இடத்திலும் வலைத்துணி வைக்க வேண்டும். தரையிலிருந்து ஓரடியாவது சுவரில் ஏற வேண்டும். ஷவர் இருக்கும் பக்கம் ஆளுயரம். உலர்ந்த பின் ஜாலியை அடைத்துத் தண்ணீர் கட்டி வைத்து, ஒருநாளாவது விட்டு, கீழ்த்தளத்திலோ பக்கத்து அறையிலோ கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனை முடியாமல் ஒரு டைல்கூட ஒட்டக் கூடாது. இணைப்புகளுக்கு வெள்ளை சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸி. விலை அதிகம், தண்ணீரைக் குடிக்காது, அமிலத்துக்கும் அசையாது.

ஊருக்குள் எங்கு நின்றாலும் கல் அறுக்கும் சத்தமும் உளிச்சத்தமும் கேட்கிறது. 1957இல் தொடங்கிய அரசுச் சிற்பக்கலைக் கல்லூரி இங்கே இருக்கிறது. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சாலையோரப் பட்டறை ஒன்றில் நந்திகளுக்கும் புத்தர்களுக்கும் நடுவே ஒரு சிற்பி கல்லைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். சிறு சுத்தியால் தட்டுகிறார், காது கொடுக்கிறார், அடுத்ததுக்குப் போகிறார். சிற்ப மரபில் ஆண்கல், பெண்கல் என்றெல்லாம் பிரிப்பதற்கு ஓசையே முதல் அளவுகோல்.

"மணி மாதிரி கேட்டா உள்ள விரிசல் இல்லம்மா. டொக்குன்னா வெச்சிடுவேன். கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும்" என்றார்.

மேஸ்திரிக்கு முகம் மலர்ந்தது. டைல்ஸ் ஒட்டி முடிந்ததும் அவரும் அதைத்தான் செய்வாராம். ஒரு சாவியாலோ நாணயத்தாலோ ஒவ்வொரு டைலின் நாலு மூலையிலும் நடுவிலும் தட்டிப் பார்ப்பார். 'டொக்கு' என்று கேட்டால் அடியில் வெற்றிடம். சிமெண்டு உருண்டையை ஐந்து இடத்தில் மட்டும் வைத்து அழுத்திவிட்டுப் போவதால் அது வருகிறது. வெற்றிடத்தில் தண்ணீர் சேரும், கனமான பொருள் விழுந்தால் டைல் விரியும், கைப்பிடிக் கம்பிக்குத் துளை போட்டால் உடையும். டைல்ஸ் பசையைப் பல்வைத்த கரண்டியால் முழுப்பரப்பிலும் வரி வரியாக இழுத்து ஒட்ட வேண்டும். வெட்ரிஃபைடு தண்ணீரைக் குடிக்காது என்பதால் வெறும் பால்சிமெண்டு அதன் முதுகைப் பற்றாது, பசை கட்டாயம். வேலை முடிந்து பணத்தைக் கொடுக்கும் முன் வீட்டுக்காரர் தாமே ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து எந்த வீட்டுக்கும் செலவில்லாமல் கொண்டுபோகக்கூடிய நுட்பம் இது.

அந்தச் சிற்பியிடமே ஒரு வேலை கொடுத்தோம். உட்கார்ந்து குளிக்க, சுவரோரம் பதிக்கும் ஒரு கிரானைட் பலகை. பதினேழு அங்குல உயரத்தில் வரும். மேல்முகம் புள்ளி புள்ளியாகக் கொத்தியது, முன்விளிம்பு உருட்டியது, தண்ணீர் நிற்காமல் இருக்க முன்னோக்கி மிகச் சிறிய வாட்டம். சாமி சிலை செய்யும் கையில் குளியல் பலகை கேட்பது தகுமா என்று தயங்கினேன். "வயசானவங்க உக்கார்ற எடம்மா. அதுவும் நல்ல வேலதான்" என்று அவர் அளவு குறித்துக்கொண்டார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வரும்போது நெம்மேலியைக் கடந்தோம். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013இல் இங்கே தொடங்கியது. தொடங்கியபோது அதன் திறன் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். கடல் இத்தனை அருகில் இருந்தும் நல்ல தண்ணீருக்கு இயந்திரம் வைக்க வேண்டிய கரை இது. குழாய்களையும் ஃபிட்டிங்குகளையும் பற்றி யோசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

நம் பகுதி ஆழ்துளைக் கிணறுகளில் பலவும் கடினநீர்தான். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. குளிக்கும் நீரில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஷவரின் துளைகள் அடைவதும், குழாயின் குரோம் பூச்சில் வெள்ளைப் படலம் ஏறுவதும், கீசரின் சுருள் சுண்ணாம்பு பிடித்துச் சீக்கிரம் போவதும் அதனால்தான். எனவே வாங்கும் முன் வீட்டுத் தண்ணீரைச் சோதித்துவிடுவது நல்லது. ஷவரில் விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு உதிரும் சிலிக்கான் முனைகள் உள்ளதைத் தேட வேண்டும். உள்ளே ரப்பர் வாஷர் வைத்த பழைய குழாயைவிடச் செராமிக் தகடு வைத்தது கால்வட்டத்தில் மூடும். ஆனால் மணல் வந்தால் தகட்டில் கீறல் விழும். அதனால் இணைப்பில் சல்லடை தேவை. முழங்கையால்கூடத் தள்ளக்கூடிய நீளமான லீவர் பிடி அம்மாவின் விரல்களுக்கு ஏற்றது. திருகும் உருண்டைப் பிடி சோப்புக்கையில் நழுவும்.

கடற்கரைப் பகுதியில் துருப்பிடிக்காத எஃகிலும் தரம் பார்க்க வேண்டும். சாதாரணமாகக் கிடைப்பது 304. கடற்காற்றின் குளோரைடு அதிலும் சிறு சிறு பழுப்புப் புள்ளிகளைப் போடும். 316இல் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை அதிகம் தாங்கும். மறைமலைநகருக்கு 304 போதும். கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ வீடு கட்டுகிறவர் 316 கேட்பது நல்லது.

கைப்பிடிக் கம்பியில் சிக்கனம் கூடாது. துண்டு மாட்டும் கம்பியைக் கைப்பிடியாக நினைத்துச் சாய்ந்தால் அது கையோடு வரும். ஒன்றரை அங்குலக் கனம், சுவருக்கும் கம்பிக்கும் விரல் நுழையும் இடைவெளி, உடம்பின் முழு எடையைத் தாங்கும் திருகு, அதற்குப் பின்னால் உறுதியான செங்கல் அல்லது கான்கிரீட். சுவரை உடைக்கும்போதே இடத்தை முடிவு செய்ய வேண்டும். அம்மாவை நிற்க வைத்து, உட்கார வைத்து, கை எங்கே தேடிப் போகிறது என்று பார்த்துச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் குறித்தோம். கம்பியின் உயரத்தை அவருடைய கைதான் சொன்னது.

மேற்கத்தியக் கழிப்பறையின் வழக்கமான இருக்கை பதினாறு அங்குல உயரம். முழங்கால் வலிக்கு இன்னும் இரண்டு அங்குலம் கூடினால் எழுவது எளிது. சுவரில் தொங்கும் வகை என்றால் வேண்டிய உயரத்தில் பொருத்தலாம். அடியில் துடைப்பதும் எளிது. தரையில் நிற்பதை வாங்கினால், கழிவுக் குழாய் சுவரிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று முதலில் அளந்துகொண்டு போக வேண்டும். நூறு, இருநூற்று இருபத்தைந்து, முந்நூறு மில்லிமீட்டர் என்று பல அளவுகளில் விற்கிறார்கள். மாற்றி வாங்கினால் தரையை மறுபடி உடைக்க வேண்டியதுதான். பாலாற்றங்கரை ராணிப்பேட்டையில் பாரிவேர் பீங்கான் தலைமுறைகளாக வார்க்கப்பட்டது. நம் மாவட்டங்களின் பழைய வீடுகளில் இன்னும் விரிசலில்லாமல் இருக்கும் கோப்பைகள் பல அந்தச் சூளையைச் சேர்ந்தவை. நல்ல பீங்கானை உடைத்து எறியாமல் கழற்றிக் கொடுங்கள், யாருக்காவது பயன்படும். தரை ஜாலிக்கு அடியில் இரண்டங்குலம் தண்ணீர் நிற்கும் ட்ராப் இருக்கிறதா என்று பாருங்கள். சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுப்பது அந்த இரண்டங்குலத் தண்ணீர்தான். அதிகம் புழங்காத குளியலறையில் அது ஆவியாகிவிடும். அவ்வப்போது ஒரு குவளை ஊற்ற வேண்டும்.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குப் போனோம். 1996இல் திறந்த இந்த மரபுவீட்டு அருங்காட்சியகத்தில் தென்னாட்டுப் பழைய வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் ஆத்தங்குடித் தரையில் அம்மா வெகுநேரம் நின்றார். கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, நிறச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் பதப்படுத்தி எடுக்கும் டைல் அது. சூளைக்கே போவதில்லை. கண்ணாடியின் வழவழப்பு அதன் முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க மெருகு ஏறுகிறது.

"இதையே போட்டுரலாமா?" என்று அம்மா கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. மேஸ்திரிதான் பொறுமையாகச் சொன்னார்: "அம்மா, இது சிமெண்டு. ஆசிட் பட்டா போயிடும். ஈரத்துல வழுக்கும். உங்களுக்குப் புடிச்சிருக்குன்னா குளிக்கிற எடத்துல வேணாம், வெளிய கைகழுவுற எடத்துல போட்டுத் தரேன்." அம்மா ஒப்புக்கொண்டார். அழகான பொருளை மறுக்க வேண்டியதில்லை. அதற்குரிய இடத்தில் வைத்தால் போதும்.

வீடு திரும்பியபோது எல்லாம் வரிசைப்பட்டிருந்தது. மாதிரி டைல்ஸைக் கடையில் இரவல் வாங்கி வந்து, எங்கள் குளியலறையின் சன்னல் வெளிச்சத்திலும் எங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் நனைத்துப் பார்த்து முடிவெடுத்தோம். தரைக்கு ஓரடிச் சதுரத்தில் சாம்பல் நிற வெட்ரிஃபைடு, ஆர்-11, வெறுங்கால் தரம் பி. சுவருக்கு வெளிர் நிறச் செராமிக், பூவில்லாமல். கண் மங்கியவருக்குத் தரை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டுக்கும் நிறத்தில் நல்ல வித்தியாசம். வாசலில் நெருப்பு காட்டிய கிரானைட். உடைசலுக்குப் பத்து சதவீதம் கூடுதல். எல்லாப் பெட்டியிலும் ஒரே ஷேட் எண்.

பணத்தையும் ஒரு வரிசையில் பிரித்தோம். முதலில் கண்ணுக்குத் தெரியாதவை: குழாய், வாட்டம், வாட்டர்ப்ரூஃபிங், பசை. அடுத்து உடம்பு தொடுபவை: தரை, பலகை, கைப்பிடி, குழாய்ப்பிடி, இருக்கை. கடைசியில் கண் மட்டும் பார்க்கும் சுவர். காட்சிக்கூடங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக விற்கின்றன. சுவரின் அழகில் மயங்கிப் பணம் கரைந்த பிறகு தரைக்கும் தடுப்புக்கும் மிச்சமிருப்பதில்லை.

மழமழப்பு வசதியின் அடையாளமாகிவிட்ட காலம் இது. இந்தக் கரையின் கல்தச்சர்களுக்குக் கல்லைக் கண்ணாடியாக இழைக்கவும் தெரிந்திருந்தது, கால் வைக்கிற இடத்தில் கொத்தி விடவும் தெரிந்திருந்தது. எதை எங்கே செய்வது என்ற அந்தப் பகுத்தறிவு குளத்துப் படிகளில் திறந்தே கிடக்கிறது. குளியலறையைப் புதுப்பிக்க நினைக்கிறவர்கள் கடைக்குப் போகும் முன் அருகிலிருக்கும் பழைய குளம் ஒன்றின் படியில் வெறுங்காலுடன் நடந்து பாருங்கள். வீட்டில் மூத்தவர் இருந்தால் அவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். செருப்பைக் கழற்றச் சொல்லி, டைல்ஸை நனைத்து வைத்து, அவர் தேர்ந்தெடுப்பதை வாங்குங்கள். அந்தத் தரையில் தினமும் விடியலில் தனியாக நிற்கப்போகிறவர் அவர்தான்.